மயக்க வாயு மூளைக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு 63 வயது. பரமக்குடியில் நாற்பது வருடமாகத் தறி நெய்கிறார். தலையில் மெனிஞ்சியோமா கட்டி, ஐந்து சென்டிமீட்டர், இடது பக்கத்தில், வலது கையை ஆட்டுவிக்கும் பகுதிக்கு அருகில் இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஒருமுறை ஃபிட்ஸ் வந்தது. பிரஷர் மாத்திரை பத்து வருடமாகச் சாப்பிடுகிறார். அடுத்த மாதம் மதுரையில் ஆபரேஷன். மயக்க வாயு மூளைக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டி வீங்க வைக்கும் என்று தம்பி இணையத்தில் ஒரு கட்டுரை காட்டினான். நான் தேடியபோது, அதே வாயு மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்று இன்னொரு கட்டுரை. எது உண்மை? வாயு வேண்டாம், ஊசி வழியாகவே மயக்கம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கலாமா? ஞாபகசக்தி போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார். பாவில் எத்தனை இழை என்று காகிதம் இல்லாமல் மனக்கணக்காகச் சொல்கிறவர் அப்பா. — ஒரு வாசகி, பரமக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி படித்ததும் உண்மை, நீங்கள் படித்ததும் உண்மை. ஒரே மருந்து இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறது. எந்த வாயு, எவ்வளவு, அந்த நேரத்தில் நோயாளியின் ரத்த அழுத்தமும் மூச்சும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒரு வேலை மற்றொன்றை மிஞ்சும். இருபது வருடத்துக்கு மேலாக மூளை ஆபரேஷன்களுக்கு மயக்கம் கொடுத்து வருகிறேன். நீங்கள் கேட்டதை என்னிடம் முதுநிலை படிக்கிற மாணவர்களும் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம் பார்த்திருப்பீர்கள். நீர்பாய்ச்சி எல்லா வயலுக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் விடமாட்டார். எந்த வயல் காய்ந்து கிடக்கிறதோ அந்த மடையைத் திறப்பார், குடித்து முடித்த வயலின் மடையை அடைப்பார். மூளையும் இதே மாதிரிதான் ரத்தத்தைப் பங்கிடுகிறது. அப்பா தறியில் உட்கார்ந்து வலது கையை இழுக்கும்போது, அந்தக் கையை ஆட்டுவிக்கும் இடதுபக்கப் பகுதிக்கு ரத்தக்குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தம் போகிறது. கை ஓய்ந்தால் அதுவும் குறைகிறது. வேலைக்கும் ரத்தத்துக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது என்று 1890-லேயே ராய், ஷெரிங்டன் என்ற இருவர் இங்கிலாந்தில் எழுதிவிட்டார்கள்.

அதை மனிதர்களிடம் அளந்து காட்ட 1940-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அளந்தவர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த கெட்டி, ஷ்மிட். அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஒரு மயக்க வாயு, சிரிப்பூட்டும் வாயு என்று சொல்லும் நைட்ரஸ் ஆக்சைடு. அதைச் சிறிய அளவில் பத்து நிமிடம் சுவாசிக்க வைத்து, மூளைக்குள் போகும் ரத்தத்திலும் கழுத்து வழியாகத் திரும்பி வரும் ரத்தத்திலும் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டார்கள். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் என்று இன்றைக்கும் நாங்கள் சொல்லும் கணக்கு அந்த வழியில் வந்தது. முழு மூளைக்கும் சேர்த்தால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் போல வரும். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தை அது மட்டுமே தின்கிறது.

அந்த ஆக்ஸிஜன் எதற்குச் செலவாகிறது? ஏறக்குறைய 60 சதவீதம் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு. மீதி 40 சதவீதம் செல் உயிரோடு இருப்பதற்கு. செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற வாயுக்கள் முதல் செலவில்தான் கை வைக்கின்றன. அளவைக் கூட்டக் கூட்டப் பேச்சு அடங்கும், ஆக்ஸிஜன் தேவை பாதியளவுக்குக் குறையும். மூளையின் மின் அலைகளைக் காட்டும் வரைபடம் நேர்க்கோடாகிவிட்ட பிறகு இன்னும் வாயுவைக் கூட்டினாலும் தேவை அதற்குக் கீழே இறங்காது. உயிரோடு இருப்பதற்கான அந்த 40 சதவீதத்தை வாயு தொடுவதில்லை.

பயிருக்குத் தாகம் குறைந்தால் தண்ணீரும் குறைய வேண்டும். குறைந்த அளவு வாயுவில் அப்படித்தான் நடக்கிறது, மூளைக்குப் போகும் ரத்தம் இறங்குகிறது. நீங்கள் படித்த கட்டுரை இதைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் இதே வாயு ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசையையும் நேரடியாகத் தளர்த்துகிறது. மடைப் பலகை கொஞ்சம் லூசாகிவிட்ட மாதிரி. அளவு குறைவாக இருக்கும்வரை தாகம் குறைந்தது ஜெயிக்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் ஈடாகி நிற்கும். அதற்கு மேல் போனால் பலகையின் லூஸ் ஜெயித்து, பயிர் கேட்காத தண்ணீரும் உள்ளே வரும். தம்பி படித்தது இந்தப் பாதி.

அந்த ஈடாகும் கட்டம் எங்கே? வெட்டும்போது நூற்றுக்கு ஐம்பது பேர் அசையாமல் இருக்கத் தேவையான அளவை நாங்கள் ஓர் அலகாக வைத்துக்கொள்கிறோம். நாற்பது வயதுக்காரருக்குச் செவோஃப்ளூரேன் சுமார் 2 சதவீதம், ஐசோஃப்ளூரேன் ஏறக்குறைய 1.2 சதவீதம். அந்த ஓர் அலகை ஒட்டித்தான் திருப்பம் வருகிறது. நாற்பதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் தேவை சுமார் 6 சதவீதம் குறைவதால், அப்பாவின் வயதுக்கு அந்த ஓர் அலகே சிறியது. கூடவே வலி மருந்தும் சொட்டுச் சொட்டாக ஓடுவதால், மூளை ஆபரேஷனில் அந்த ஓர் அலகைத் தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

வாயு என்றால் மூளை வீங்கும் என்ற பயம் எங்கள் துறைக்கு வந்ததே ஹாலோத்தேன் காலத்தில். 1956-ல் மருத்துவமனைகளுக்குள் வந்த மருந்து அது. ஈதர் போலத் தீப்பிடிக்காது, மணமும் இனிப்பாக இருக்கும், குழந்தைகள்கூட முகம் சுளிக்காமல் இழுப்பார்கள். திரவ மருந்தை ஆவியாக்கித் தரும், சிவப்பு வண்ணம் அடித்த அந்த வேப்பரைசரைத் திருகித்தான் நானும் தொழில் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்தக் குடும்பத்திலேயே மடையை அதிகம் தளர்த்துவது ஹாலோத்தேன்தான். ஆக்ஸிஜன் தேவையைக் கொஞ்சமே குறைக்கும், ரத்தக்குழாயை அளவுக்கு மீறி விரித்துவிடும். மண்டை ஓட்டைத் திறந்ததும் மூளை பொங்கி மேலே வந்ததைப் பார்த்த மூத்த மருத்துவர்கள் அந்தப் பயத்தை எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அவர்கள் பயந்தது நியாயம்தான். இன்று மூளை ஆபரேஷனில் அதிகம் புழங்கும் செவோஃப்ளூரேன், மஞ்சள் வேப்பரைசரில் இருப்பது, ரத்தக்குழாய்களை விரிப்பதில் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. அந்தக் காலத்து அச்சத்தை அப்படியே இதன் மேல் ஏற்றுவது சரியில்லை.

கூடுதல் ரத்தம் வந்தால் என்ன தவறு என்று உங்களுக்குத் தோன்றலாம். கை, கால் என்றால் ஒரு தவறும் இல்லை. மூளை மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளே 80 சதவீதம் மூளை, மீதி இடத்தை ரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று இடம்விட வேண்டும். அப்பாவின் தலைக்குள் ஐந்து சென்டிமீட்டர் கட்டி ஏற்கெனவே உட்கார்ந்துகொண்டு, நீரையும் ரத்தத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட்டது. விட்டுக்கொடுக்க இருந்த இடமெல்லாம் தீர்ந்துபோயிருந்தால், ஆரோக்கியமான ஆளுக்குத் தெரியவே தெரியாத சிறிய கூடுதலும் அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடலாம். கட்டி பெரிதா சிறிதா என்பதைவிட, உள்ளே இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் எங்கள் கவலை. ஸ்கேனில் மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாக விலகியிருக்கிறதா, காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் வருகிறதா, தூங்கித் தூங்கி விழுகிறாரா என்று கேட்பதெல்லாம் இதற்காகத்தான்.

இனி நான் சொல்வதை எந்தக் கட்டுரையும் உங்களுக்கு அழுத்திச் சொல்லியிருக்காது என்று நினைக்கிறேன். மூளை ரத்தக்குழாயை ஆட்டிப் படைப்பதில் மயக்க வாயுவைவிட வலுவானது நாம் வெளியே விடும் மூச்சுக்காற்று, அதாவது கார்பன் டை ஆக்சைடு. ரத்தத்தில் அதன் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் பாதரசம் ஏறினால், 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஒன்று முதல் இரண்டு மில்லி ரத்தம் கூடும். இறங்கினால் அதே கணக்கில் குறையும். 40 இருக்க வேண்டியது கவனிக்காமல் 55 ஆனால், செவோஃப்ளூரேன் உண்டாக்காத வீக்கத்தை அது உண்டாக்கிவிடும். வெண்டிலேட்டரின் மூச்சு வேகத்தைச் சற்றுக் கூட்டினால் போதும், ரத்தக்குழாய்கள் சுருங்கி மூளை தளரும். செவோஃப்ளூரேனிலும் ஐசோஃப்ளூரேனிலும் இந்தச் சுருங்கும் குணம் கெடுவதில்லை, அதனால்தான் அவற்றை நம்பிப் பயன்படுத்துகிறோம். அதற்காகக் கண்டபடி குறைக்கவும் கூடாது. அளவுக்கு மீறிச் சுருங்கினால் மூளையின் ஏதாவது ஒரு பகுதி ரத்தமில்லாமல் தவிக்கும். ஆபரேஷன் முழுக்க எங்கள் கண், வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளந்து காட்டும் கேப்னோகிராஃப் திரையில் ஓடும் கோட்டிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு எந்த வாயு என்று கவலைப்படுகிறவர்களிடம், அந்தக் கோட்டைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று கவலைப்படுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்து ரத்த அழுத்தம். சராசரி அழுத்தம் 60-லிருந்து 150 வரை ஏறி இறங்கினாலும் மூளை தன் ரத்த அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ளும் என்பது பழைய பாடம். பத்து வருடம் பிரஷர் இருந்தவருக்கு அந்த வரம்பு மேலே தள்ளிப்போயிருக்கும், மற்றவர்களுக்குப் போதுமான அழுத்தம் அவருக்குப் போதாமல் போகலாம். வாயு தன் பங்குக்கு அழுத்தத்தை இறக்குகிறது, அளவு கூடினால் மூளையின் இந்தத் தற்காப்பையும் மழுங்கடிக்கிறது. அதனால் மணிக்கட்டில் தமனிக்குள் மெல்லிய குழாய் போட்டு ஒவ்வொரு துடிப்பையும் பார்ப்போம். தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்திருந்தால், அந்த அழுத்தமானியை நெஞ்சு மட்டத்தில் இல்லாமல் காது மட்டத்தில் வைத்துச் சரிபார்ப்போம். மூளைக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இறங்கினால் ஏற்ற மருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

மூளையின் செயல்பாடு என்ன ஆகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் பயத்துக்கு அதில்தான் பாதி பதில். மயக்கம் என்பது தூக்கமில்லை, நாங்களும் நோயாளியிடம் ‘தூங்க வைக்கிறோம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். தூங்குகிறவரைத் தட்டினால் எழுவார். மயக்கத்தில் இருப்பவர் மண்டை ஓட்டைத் திறந்தாலும் எழமாட்டார். நெற்றியில் ஒட்டும் பட்டையில் மூளையின் மின் அலைகளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். விழித்திருக்கும்போது சின்னச் சின்னதாக, வேகமாக, ஒழுங்கில்லாமல் ஓடும் அலைகள், வாயு ஏற ஏறப் பெரிதாக, மெதுவாக, ஒரே தாளத்தில் உருள ஆரம்பிக்கும். இன்னும் ஏற்றினால் கொஞ்ச நேரம் மௌனம், கொஞ்ச நேரம் வெடிப்பு என்று மாறி மாறி வரும். அதற்கும் மேலே நேர்க்கோடு. அந்த மௌனக் கட்டத்துக்கு அனாவசியமாகப் போகாமல் நிறுத்துவது எங்கள் வழக்கம், வயதானவர்களிடம் அதில் இன்னும் கறாராக இருக்கிறோம்.

எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி அணைந்துபோவதும் இல்லை. ரத்த ஓட்டத்தையும் சர்க்கரைச் செலவையும் படமெடுத்துப் பார்த்தபோது, மூளையின் நடுவில் சந்திப்பு நிலையம் போல இருக்கும் தாலமஸில் குறைவு பளிச்சென்று தெரிந்தது. ஒலியை முதலில் வாங்கும் பகுதி மயக்கத்திலும் ஓரளவு பதில் தருகிறது. ஆனால் முன்மூளையும் பக்கவாட்டு மேல்மூளையும் ஒன்றோடொன்று நடத்தும் உரையாடல் அறுந்துபோகிறது. சத்தம் வந்து சேர்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வாயு வெளியேறியதும் அந்த உரையாடல் திரும்ப ஆரம்பிக்கிறது. செவோஃப்ளூரேன் ரத்தத்தில் அதிகம் கரைவதில்லை. பெரும்பகுதி மூச்சு வழியாகவே வெளியே போய்விடுகிறது, ஈரலுக்குப் போய் உடைவது 5 சதவீதம் அளவுக்குத்தான். பல மணி நேர ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே ‘ஐயா, கண்ணத் திறங்க, என் விரல இறுக்கிப் பிடிங்க’ என்று சொல்ல முடிவது இதனால்தான். மூளை ஆபரேஷனில் அந்தச் சீக்கிர விழிப்பு எங்களுக்கு மிக முக்கியம். கை வருகிறதா, பேச்சு வருகிறதா என்று அப்போதே தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு. வாயு வேண்டாம், ஊசி மட்டும் போதும் என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் காரணத்தை மாற்றிக் கேளுங்கள். ரத்தக்குழாயில் ஊசி வழியாக ஏறும் மயக்க மருந்தான புரொப்போஃபால் மூளையின் தேவையையும் ரத்தத்தையும் சேர்த்தே குறைக்கிறது, மடைப் பலகையைத் தளர்த்துவதில்லை. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் மண்டைக்குள் அழுத்தம் புரொப்போஃபாலில் சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் நோயாளி நல்லபடியாக வீடு திரும்புவதில் ஒன்று மற்றொன்றைவிட மேல் என்று தெளிவாக நிரூபணமாகவில்லை. தலைக்குள் இடம் மிச்சமிருக்கும் நோயாளிக்குக் குறைந்த அளவு செவோஃப்ளூரேன் கொடுக்க நான் தயங்கமாட்டேன். நடுக்கோடு நன்றாக விலகி, நோயாளி அரைமயக்கத்தில் வந்தால் புரொப்போஃபாலைத்தான் எடுப்பேன்.

அப்பாவின் விஷயத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. கட்டி வலது கையின் பகுதிக்கு அருகில் இருக்கிறது, அவர் நெசவாளர். கட்டியை எடுக்கும்போது மூளையின் அந்தப் பகுதியை மின்சாரத்தால் மெல்லத் தூண்டி, கைத் தசைக்குச் செய்தி போகிறதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யும் வசதி இருக்கிறது. மயக்க வாயு அந்தச் செய்தியை மங்கவைக்கும், அளவு கூடினால் அழித்தே விடும். புரொப்போஃபாலில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே அறுவை மருத்துவரிடம், ‘கை நரம்புப் பாதையைக் கண்காணித்துக்கொண்டே எடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மயக்க மருத்துவர் தானாகவே புரொப்போஃபாலுக்குப் போய்விடுவார். ரத்தம் கூடுமா குறையுமா என்பதைவிட அந்தக் கைக்காகக் கேட்க வேண்டிய கேள்வி இது. நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றி நீங்கள் கேட்கவே தேவையில்லை. அது மூளையின் வேலையையும் ரத்தத்தையும் சேர்த்தே கூட்டும், தலைக்குள் மாட்டிய காற்றையும் பெரிதாக்கும் என்பதால் எங்களில் பலர் மூளை ஆபரேஷனில் அதைத் தொடுவதில்லை.

அம்மாவிடம் ஒன்றுமே ஆகாது என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரை, மூளை, இதய ஆபரேஷன் இல்லாமல் வேறு பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களை, பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து கவனித்த ஆய்வு 1998-ல் வெளிவந்தது. ஒரு வாரம் கழித்து நூற்றில் 26 பேரிடம் ஞாபகமும் கவனமும் முன்பைவிடக் குறைந்திருந்தன. மூன்று மாதத்தில் அது 10 பேராகிவிட்டது. குற்றம் முழுக்க மயக்க வாயுவின் மேல்தான் என்றால் முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வரக்கூடாது. இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை முதுகு ஊசி, முழு மயக்கம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்த வட அமெரிக்க ஆய்வு 2021-ல் வந்தது. இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்கு மனக்குழப்பம் வந்தது, வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் உடம்பில் கிளப்பிவிடும் அழற்சி, வலி, தூக்கமின்மை, தெரியாத இடம் எல்லாம் சேர்ந்துதான் வயதான மூளையைக் குழப்புகின்றன. அப்பாவுக்கு மூளையிலேயே வேலை நடக்கிறது. முதல் சில நாட்கள் நாள், கிழமை மாறிப் பேசினாலோ, எரிந்து விழுந்தாலோ, மயக்க வாயுவால் மூளை போய்விட்டது என்று அம்மா முடிவுகட்டிவிட வேண்டாம். வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் ஃபிட்ஸ் மாத்திரையும்கூட ஆளை அப்படி மாற்றும். அதே சமயம், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மந்தமானாலோ, ஒரு கை தளர்ந்தாலோ அதைக் குழப்பம் என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் வந்து பார்ப்பார். மாத்திரைப் பட்டையை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் கையில் கொடுங்கள், பேரை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். ஃபிட்ஸ் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரையில் எதை அன்று காலை கொடுப்பது, எதை விடுவது என்று அவரே சொல்வார். பீடி, மது இருந்தால் அப்பா கூச்சப்பட்டு மறைப்பார், நீங்கள் சொல்லிவிடுங்கள். ஆடும் பல் இருந்தால் காட்டுங்கள். ரத்த உறவில் யாருக்காவது மயக்கம் கொடுத்தபோது கடுமையாக உடம்பு கொதித்து உயிருக்கு ஆபத்து வந்ததா என்று அத்தை, சித்தப்பாக்களிடம் விசாரியுங்கள். அபூர்வமான ஒரு பரம்பரைக் குறையில், செவோஃப்ளூரேன் வகை வாயுக்கள் தசையைக் கொதிக்கவைத்துவிடும். அப்படி ஏதாவது இருந்தால் நான் இதுவரை எழுதிய ‘தயங்கமாட்டேன்’ எல்லாம் செல்லாது, அந்த வாயுக்களைத் தொடவே கூடாது. சோறு, இட்லி எதுவும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி.

அவருடைய மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள், ஐ.சி.யு.வில் கண் திறந்ததும் மாட்டிவிடச் சொல்லுங்கள். காது மெஷின் இருந்தால் அதுவும். பகலில் வெளிச்சம் படும்படி படுக்க வைக்கச் சொல்லுங்கள், இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம் என்று அம்மாவே அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்கட்டும். அப்பா தெளிந்த பிறகு, தறியில் இப்போது ஏற்றியிருக்கும் பாவில் எத்தனை இழை என்று அம்மா கேட்கட்டும். கணக்குப் பிசகினால் திருத்த வேண்டாம், மறுநாள் காலையில் இன்னொரு முறை கேட்டால் போதும்.